குறிப்பு எழுதாத ரிப்போர்ட்

உங்கள் ரத்தத்தைச் சோதித்து ஒரு காகிதம் கொடுத்தால், அதில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

எண்ணைத்தான். எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் '150 முதல் 250 வரை' என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருந்தால் சிரிப்பார்கள், வெளியே போயிருந்தால் முகம் கறுத்துவிடும். காகிதத்தின் அடியில் 'குறிப்பு' என்று போட்டு இரண்டு புள்ளிக்கோடுகள் விட்டிருப்பார்கள். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஒரு மனிதனைக் கவிழ்க்க எண்ணை மாற்ற வேண்டியதில்லை. அந்தக் கோட்டைக் காலியாக விட்டால் போதும். நான் இரண்டு பேருக்கு அப்படி விட்டிருக்கிறேன். முதல் தடவை பயத்தில். இரண்டாம் தடவை வேண்டுமென்றே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் நான் நெய்வேலிக்கு வந்தேன். ஊர் நாங்குநேரிக்குப் பக்கம். பத்தாவது பாதியில் நின்று, பாளையங்கோட்டையில் ஒரு லேபில் பாட்டில் கழுவிக் கழுவியே வேலையைக் கற்றுக்கொண்டவன். மந்தாரக்குப்பத்தில் டாக்டர் சந்திரகலா ஒரு கிளினிக் வைத்திருந்தார். அதன் பின்னறைதான் லேப். நான் ஒருவன்தான் ஆள். தங்குவதற்கு ஒரு அறை, சாப்பிட ஒரு மெஸ். ஒரு வாரம் முழுக்க யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாமல் போன வாரங்கள் உண்டு.

அப்போதுதான் பரமசிவம் வந்தார். சுரங்கத்தில் மேல்மண் வெட்டும் ஒரு மெட்ராஸ் காண்டிராக்ட் கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். அதன் ஆட்களுக்கு மெடிக்கல் பார்ப்பது எங்கள் கிளினிக்தான்.

நான் பேசிய இரண்டு வார்த்தையில் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏ, நீ எந்த ஊருடே?"

"நாங்குநேரி பக்கம்."

"நான் தென்காசிடே. இந்தக் காட்டுல நம்ம பேச்சக் கேட்டு எத்தன நாளாச்சு. பேரென்ன?"

"இசக்கிமுத்து, அண்ணாச்சி."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் குவார்ட்டர்ஸில் எனக்குச் சாப்பாடு. அவர் மனைவி தனபாக்கியம் எங்கள் ஊர்ப் பக்கத்துச் சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மணக்க அதை இலையில் ஊற்றியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண் கலங்கியதை அவர்கள் பார்க்கக் கூடாது என்பதற்காக. அதன்பின் மாதம் இரண்டு ஞாயிறு அங்கேதான்.

அந்த வருஷம் கம்பெனியில் மண் அள்ளும் ஷவல் மெஷினின் டிரைவர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே இறந்துபோனார். முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் பெர்மனென்ட் ஆக வேண்டுமானால் ரத்தத்தில் கொலஸ்டிரால் பார்க்க வேண்டும் என்று மெட்ராசிலிருந்து உத்தரவு வந்தது. டாக்டரம்மாவும் அதற்காகப் புதிதாக ஒரு கலரிமீட்டர் வாங்கினார். மருந்து சேர்த்தால் ரத்தக் கொழுப்பு பச்சை நிறமாகும். பச்சை எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு எண். வெளிச்சத்தை உள்ளே விட்டு அதை அளக்கிற பெட்டி அது.

முதல் பட்டியலில் பத்துப் பேர். அதில் ஒருவன் தனகோட்டி. முப்பத்தெட்டு வயது, மூன்று வருஷமாகக் காண்டிராக்டில் மெஷினுக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தவன். அவன் அப்பா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்பும். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளத்துக்குப் பக்கத்தில் வந்த முதல் ஆள் அவன்தான்.

ரத்தம் எடுக்கும்போது கேட்டேன். "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஒரு பருக்க தொடலீங்க."

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ரத்தம் உறைந்து அடியில் நிற்க, மேலே சீரம் தெளிய வேண்டும். இளமஞ்சளாக, கண்ணாடி மாதிரி. தனகோட்டியின் குழாயில் பசும்பால் நின்றது. வெளியே வந்தேன். அவன் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"உண்மையச் சொல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு திங்கலீங்க. ரத்தம் எடுக்கறாங்களே, மயக்கம் கியக்கம் வந்து பூடும்னு வூட்ல ரெண்டு முட்டைய ஒடச்சி நல்லெண்ண ஊத்திக் குட்த்தா. அது தெம்புக்குங்க. சாப்பாடு இல்லீங்க."

"எவ்வளவு எண்ணெய்?"

"முட்ட மெதக்கற அளவுக்குங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். இப்படிப்பட்ட ரத்தத்தைக் கொட்டிவிட்டு மறுநாள் வரச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். சீரம் பாலாக இருந்தால் பெட்டிக்குள் வெளிச்சம் போகாது. அந்தக் கலங்கலையும் பச்சை என்று எடுத்துக்கொண்டு எண் ஏறிவிடும். நாளைக்குத் தண்ணீர் தவிர எதுவும் தொடாமல் வாருங்கள் என்று அனுப்பினேன்.

மதியம் பரமசிவம் ரிப்போர்ட் வாங்க வந்தார். எண்ணிப் பார்த்தார்.

"ஒம்போதுதானடே இருக்கு?"

விஷயத்தைச் சொன்னேன். நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"ஒத்த ஆளுக்காவ லிஸ்ட் நிக்காதுடே. ரெண்டு மணிக்கு ஜீப் மெட்ராசுக்குப் போவுது. இருக்கிற ரத்தத்தப் பாத்து எழுது."

"எண் ஏறிரும் அண்ணாச்சி. அப்பம் குறிப்புல சீரம் பாலா இருந்துச்சுன்னு எழுதிருதேன்."

"குறிப்பு கிறிப்புன்னு எழுதினா அங்க ஒருத்தன் அதையே பிடிச்சிக்கிட்டுத் தொங்குவான். எண்ண மட்டும் போடு. வேற ஆளுன்னா நான் இவ்வளவு பேச மாட்டேன், நம்ம ஊர்க்காரன்னு உரிமையாச் சொல்லுதேன். ஞாயித்துக்கெழமை வா, மதினி சொதி வைக்கா."

எனக்கிருந்த அந்த ஒரு வீடும் போய்விடுமோ என்ற பயத்தில் நான் அந்தப் பாலில் மருந்தை ஊற்றினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. எழுதினேன். குறிப்புக் கோட்டைக் காலியாக விட்டேன். மதியம் கையெழுத்துப் போடும் அவசரத்தில் டாக்டரம்மா பத்துக் காகிதத்தையும் புரட்டிப் புரட்டிக் கையெழுத்திட்டார். தனகோட்டி அன்ஃபிட்.

மறுநாள் காலை அவன் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நின்றான். ரிப்போர்ட் போய்விட்டது என்றேன். எப்படி இருக்குதுங்க என்றான். கம்பெனியில் சொல்வார்கள் என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது.

ஒரு மாதம் கழித்து, சொதி ஊற்றிக்கொண்டே தனபாக்கியம் மதினி சொன்னார்: "எந்தம்பிக்கு இவ்வோ கம்பெனியில எடம் கெடச்சிட்டு. ஒரு ஆளுக்கு ஒடம்பு சரியில்லன்னு தள்ளிட்டாவளாம். அந்த எடம்."

பரமசிவம் தலை நிமிராமல் சாப்பிட்டார். நான் இலையை மூடினேன். அன்றோடு அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஏன் வரவில்லை என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அடுத்த முறை கிளினிக்குக்கு வந்தபோது என்னை "ஏ லேபு" என்று கூப்பிட்டார்.

இரண்டு வருஷம். அந்த ஆளை வெறுப்பது எனக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. காலையில் பல் துலக்கும்போது அவர் முகம், மெஸ்ஸில் தட்டில் அவர் முகம். மெட்ராஸ் ஆபீசுக்குப் பெயரில்லாமல் நாலு கார்டு எழுதினேன், நாலையும் கிழித்தேன். ரிப்போர்ட்டை எழுதியது யார் கை என்று கேட்டால் என் கைதானே. சம்பளம் போய்விட்டால் ஊருக்கு என்ன அனுப்புவது? தனகோட்டியைத் தேடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யவில்லை. பரமசிவத்தை வெறுப்பதே தனகோட்டிக்குச் செய்யும் உதவி என்று நினைத்துக்கொண்டேன்.

அறுபத்தைந்தில் கம்பெனி ஜெர்மனியிலிருந்து புது மெஷின் வாங்கியது. அதை ஓட்டும் முறையைக் கற்றுவர ஒரு சூப்பர்வைசரை ஆறு மாதம் அங்கே அனுப்புவதாக முடிவாயிற்று. பரமசிவத்தின் பெயர். திரும்பி வந்தால் மேனேஜர். நாலு வீடு தள்ளி இருப்பவர்களிடம்கூடச் சொல்லியாயிற்று. கம்பளிக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார். மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி.

ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து என் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"வெறும் வயிறுதானே அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"வெறும் வயிறுதான்டே." குரலைத் தாழ்த்தினார். "மருந்து மட்டும் சாப்பிட்டேன். மூலத்துக்கு வைத்தியர் குடுத்தது. டாக்டரம்மாட்ட சொல்லிராத, கேவலமா இருக்கும்."

"என்ன மருந்து?"

"நெய்யில காச்சினது. விடியக்காலம் மூணு கரண்டி. வெறும் வயித்துலதான் சாப்பிடணும்னு வைத்தியர் கண்டிசனாச் சொல்லிருக்காரு. அதனால ஒண்ணுமில்லல்லா?"

வெறும் வயிற்றில் சாப்பிடுகிற மருந்து வயிற்றை வெறுமையாகவே வைத்திருக்கும் என்று அவர் நம்பினார். இருநூறு பேரை வைத்து வேலை வாங்கும் மனிதர். மூன்று கரண்டி நெய்.

அந்த நேரத்தில் என் கை நடுங்கியிருந்தால் நான் நல்லவன் என்று சொல்லிக்கொள்ளலாம். நடுங்கவில்லை.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்றேன். ஊசியை ஏற்றினேன். முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.

பத்தேகாலுக்குக் குழாயைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று நின்றது. அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் பார்த்ததில்லை. அவசரப்படவில்லை. குழாய்களை ஈரமில்லாமல் துடைத்தேன். மருந்தை அளந்து ஊற்றினேன். இருட்டுப் பெட்டியில் வைத்து அரை மணி காத்தேன். முந்நூற்று நாற்பத்தொன்று. இன்னொரு தடவை செய்தேன். முந்நூற்று முப்பத்தெட்டு. குறைந்ததையே எழுதினேன். நான் நியாயமானவன்.

டாக்டரம்மா இந்தக் காகிதத்தில் மட்டும் நின்றார்.

"இசக்கிமுத்து, பரமசிவத்துக்கா இது? சரியாப் பார்த்தியா?"

"ரெண்டு தடவ பார்த்தேம்மா."

அது பொய்யில்லை. இரண்டு தடவையும் அதே பாலைத்தான் பார்த்தேன்.

அவர் கையெழுத்திட்டார். ஜீப் போயிற்று. சனிக்கிழமை மெட்ராசிலிருந்து தந்தி வந்தது. நெஞ்சு நோய்க்கு இடமுள்ள ஆளைக் கம்பெனி செலவில் வெளிநாடு அனுப்ப முடியாது, வேறு பெயர் தரவும்.

அன்று மாலை பரமசிவம் கிளினிக்குக்கு வந்தார். நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு கையை நெஞ்சின் மேல் வைத்திருந்தார்.

"இசக்கி," என்றார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் பெயர். "நல்லாப் பாத்தியாடே?"

"மெஷின் காட்டினத எழுதினேன் அண்ணாச்சி."

"இன்னொரு மட்டம் எடுத்துப் பாக்கலாமா? எனக்கு ஒண்ணும் செய்யலயே. மாடிப்படிகூட ஏறுதேன்."

இந்த வாக்கியத்துக்காகத்தான் காத்திருந்தேன். அதற்கான பதிலைப் பல நாள் தனி அறையில் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"ஒத்த ஆளுக்காவ லிஸ்ட் நிக்காது அண்ணாச்சி."

அவர் முகத்தையே பார்த்தேன். ஏதாவது ஒன்று அங்கே அசைய வேண்டும். அசையவில்லை. "அதுவும் சரிதான்," என்றார். எழுந்து போனார். அது தன்னுடைய பேச்சு என்பதே அவருக்கு நினைவில்லை. தனகோட்டி என்று ஒருவன் இருந்ததும் நினைவிருக்காது.

அடித்தேன், ஆனால் எதற்கு அடி என்று வாங்கியவனுக்குத் தெரியவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ள ஒரு ஆளாவது வேண்டும் என்று தோன்றியது. ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் பஸ் ஏறினேன்.

தனகோட்டி குள்ளஞ்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு முந்திரித் தோப்பில் காவலுக்கு இருப்பதாக விசாரித்து வைத்திருந்தேன். தோப்போரம் கூரை வீடு. வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். கழுத்தெலும்பு தெரிந்தது. நாற்பது வயதுக்காரனை அறுபது என்று சொல்லலாம்.

"வாங்க சார்," என்று மெதுவாக எழுந்தான். "வீராயி, ஆசுபத்திரி சாரு வந்துகிறாரு. தண்ணி எடுத்தா."

அவன் மனைவி சொம்பைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

நான் ஆரம்பித்தேன். பரமசிவத்தின் ஜெர்மனி, நெய் மருந்து, பால் மாதிரி சீரம், தந்தி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் ஏறியது. உங்களுக்குச் செய்ததையே அவருக்குச் செய்துவிட்டேன் என்று முடித்தேன்.

தனகோட்டி என்னைப் பார்த்துக் கேட்டான்.

"எனக்குச் செஞ்சதுன்னா என்னாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு எதுவும் தெரியாது. நான் யாருக்காகப் பழிவாங்கினேனோ அவனுக்குத் தனக்கு அநியாயம் நடந்ததே தெரியாது.

சொன்னேன். முட்டையும் எண்ணெயும் சாப்பிட்டதால் அன்று எண் ஏறிவிட்டது, அது உங்கள் உடம்பின் எண் இல்லை, உங்களுக்கு நோய் இருந்தது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்று.

"கம்பெனில குட்த்த காயிதத்தப் பள்ளிக்கூடத்து வாத்தியாரு படிச்சிக் காமிச்சாரே. எரநூத்தம்பதுக்கு மேல பூட்டா நெஞ்சு அடச்சிக்கும்னு. எனக்கு முந்நூத்துப் பன்னண்டுன்னாரே."

"எண் சரிதான். அது எதனால வந்துச்சுன்னு அதுல எழுதல."

"யாரு எழுதல?"

"நான்தான்."

வீராயி சுவரை விட்டு வந்தாள். "அப்ப எம் புருசனுக்கு ஒண்ணும் இல்லியா?"

"இருந்திருக்காது."

"ரெண்டு வருசமா இந்த வூட்ல தாளிக்கற சத்தம் கேட்டுச்சான்னு இந்த ஆளுக்குச் சொல்லு," என்று அவள் என்னைக் காட்டித் தனகோட்டியிடம் சொன்னாள். "மீனு இல்ல, கறி இல்ல. வேக வச்சிக் கொட்டிகினு கெடக்கறோம். ஒரு மூட்டையத் தூக்கறியா நீ? நெஞ்சு நின்னு பூடும்னு எம் பக்கத்துல வந்து படுக்கறியா நீ?"

"வீராயி," என்றான் தனகோட்டி.

"இல்ல, சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"ரெண்டு வருசமா உனுக்குத் தெரியும்," என்றான். 'ங்க' போய்விட்டது.

"தெரியும்."

"குள்ளஞ்சாவடிக்குப் பஸ்ஸு அப்பவும் ஓடிகினுதான் இருந்துச்சு."

"பரமசிவம்தான் எழுத வேண்டாம்னு..."

"அந்த ஆளு எனக்கு யாரு? அவன் சீமைக்குப் போனா என்னா, போவாட்டி என்னா? பேனா யாரு கையில இருந்துச்சு?"

நான் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தேன்.

"இதச் சொல்றதுக்கு ரெண்டு வருசமா வரல. அவன அடிச்சிட்டன்னு பெருமையச் சொல்றதுக்கு வந்துகிற." கட்டிலில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கவில்லை. அதை அவனே கவனித்த மாதிரி நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "உங்க டாக்டரம்மா வூடு எங்க கீது?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு, பச்சை கேட் என்றேன்.

"போ," என்றான். வீராயி சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குத் தனகோட்டியும் வீராயியும் டாக்டரம்மா வீட்டில் நான் சொன்னதையெல்லாம் சொன்னார்கள். அவர் பரமசிவத்துக்கும் ஆளனுப்பி, இரண்டு பேரையும் செவ்வாய்க்கிழமை காலை எதுவும் சாப்பிடாமல், நெய் மருந்தும் தொடாமல் வரச் சொன்னார். அன்று இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தது நான்தான், டாக்டரம்மா பக்கத்திலேயே நின்றார். தனகோட்டிக்கு நூற்றெண்பத்தொன்று. பரமசிவத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. டாக்டரம்மா மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டு இரண்டு எண்ணையும் சொன்னார். பதினோரு மணிக்கு என்னிடமிருந்து லேப் சாவியை வாங்கிக்கொண்டார்.